மாத்திரை வாங்க வராதவர்களின் பதிவேடு

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவின் மேசையில் இரண்டு பதிவேடுகள் இருக்கும். ஒன்று, புதிதாக உயர் ரத்த அழுத்தம் கண்டறியப்பட்டவர்களுக்கு. இன்னொன்று, கண்டறிந்து, மாத்திரையும் தொடங்கி, அதன்பின் வராமல் நின்றுவிட்டவர்களுக்கு. ஆய்வுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் பதிவேட்டைத்தான் கேட்பார்கள். எத்தனை பேரைப் பரிசோதித்தீர்கள், எத்தனை பேர் புதிதாகக் கிடைத்தார்கள் என்று குறித்துக்கொண்டு போவார்கள். இரண்டாவதைப் புரட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. அந்த மேசையில் செவிலியராகப் பல ஆண்டுகள் உட்கார்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: பிரஷரைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையே இல்லை. இரண்டாவது மாத மாத்திரையை அந்த ஆள் வந்து வாங்க வேண்டுமே, அதுதான் வேலை.

நாட்டின் கணக்கைப் பார்த்தாலும் இதுதான் தெரிகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல ஆண்டுகள் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. இந்தியாவில் வயது வந்தோரில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் என்றது அது. தமிழ்நாட்டில் 2020-இல் எடுத்த கணக்கெடுப்பில் 33.9 சதவீதம். ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர். அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண்ணும் இருந்தது. நோய் இருப்பவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம் பேர்தான். முதல் எண்ணைப் பற்றி மேடைதோறும் பேசுகிறார்கள். எனக்குத் தூக்கத்தைக் கெடுப்பது இரண்டாவது எண்.

நான் வேலை பார்ப்பது விழுப்புரம் மாவட்டக் கடலோரத்தில், மரக்காணம் பக்கம். ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் மீனவர் குப்பங்கள், உள்ளே போனால் சவுக்கும், மணிலா என்கிற வேர்க்கடலையும். வருகிறவர்களில் பாதிப் பேர் உடம்பால் உழைக்கிறவர்கள். "பிரஷர் பணக்காரர்களுக்கு வரும் வியாதி, உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு வரும் வியாதி" என்ற நம்பிக்கை இங்கே இன்னும் உண்டு. தலையில் உப்புச் சுமந்து வரப்பில் நடக்கும் பெண்ணுக்கு 180 இருந்ததைப் பார்த்தபின் அந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

"எனக்கு ஒன்றும் செய்யவில்லையே சிஸ்டர், எதற்கு மாத்திரை?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே என் தொண்டை கரகரத்துவிட்டது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, வேலை ஓடுகிறது. அப்படிப்பட்டவரிடம் போய் ஆயுள் முழுக்க மாத்திரை போடுங்கள் என்றால் யார் கேட்பார்கள்? "சத்தமில்லாமல் கொல்லும் நோய்" என்று சுவரொட்டி ஒட்டியிருக்கிறோம். அதைப் படித்துப் பயந்து மாத்திரையைத் தொடர்ந்தவர் எவரையும் நான் கண்டதில்லை. பயம் பத்து நாள் தாங்கும், அவ்வளவுதான். அதைவிட மருந்து அட்டைக்குப் பலன் அதிகம். ஒவ்வொரு முறையும் அளவைப் பெரிய எழுத்தில் எழுதி, போன மாதத்து எண்ணுக்குக் கீழேயே இந்த மாதத்து எண் வருமாறு வைத்து, கூட வந்த பேரனையோ பேத்தியையோ சத்தமாக வாசிக்கச் சொல்வேன். 176, 158, 142 என்று பிள்ளை வாசிக்கும்போது பாட்டியின் முகத்தைப் பார்க்க வேண்டும். எண் இறங்குவதில் ஒரு போட்டி வந்துவிடுகிறது. அடுத்த மாதம் அவர் வருவது எனக்காகவும் இல்லை, நோய்க்காகவும் இல்லை, அந்த எண்ணுக்காக.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் ஒன்று உண்டு. தலை சுற்றினால் மட்டும் பிரஷர், தலை வலித்தால் மட்டும் மாத்திரை என்று வைத்திருப்பவர்கள். தலைவலி வந்த நாளில் இரண்டு மாத்திரை போட்டுவிட்டு, வராத பத்து நாளும் சும்மா இருப்பார்கள். அட்டையைப் பார்த்தால் மாத்திரை வாங்கியதாகத்தான் இருக்கும். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பிரிக்காத மாத்திரைப் பட்டைகள் டிவி பெட்டியின் மேல் கட்டாக இருக்கும்.

அளவு பார்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வீட்டில் கருவி வாங்கி வைத்திருப்பவர்களும் தவறு செய்யும் இடம் இது. ஒரு பெரியவர் வெயிலில் சைக்கிள் மிதித்து வருவார், வந்ததும் வராததுமாகக் கையை நீட்டுவார். சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றச் சொல்வார். பார்க்கும்போதே பக்கத்து ஆளிடம் வாய்க்கால் தகராறைப் பேசிக்கொண்டிருப்பார். கருவி 170 காட்டும். அவரைச் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, ஐந்து நிமிடம் உட்கார வைத்து, முதுகைச் சாய்த்து, கால்மேல் கால் போடாமல் தரையில் ஊன்றி, கையை மேசைமேல் நெஞ்சு உயரத்துக்கு வைத்து, வெறும் கையில் பட்டையைச் சுற்றி, பேசாமல் இருக்கச் சொல்லிப் பார்த்தால் 148 இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு மாத்திரை வித்தியாசம். பெண்களுக்கு ரவிக்கைக் கை இறுக்கமாக இருந்தால் அதைச் சுருட்டி மேலே ஏற்றக் கூடாது, சுருட்டியதே கையை இறுக்கும். கை பருமனானவர்களுக்குச் சிறிய பட்டை போட்டால் இல்லாத அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். காபி, டீ, பீடி எல்லாம் அரை மணி நேரத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது முறையும் பார்க்க வேண்டும்.

கருவி வாங்குவதாக இருந்தால் மணிக்கட்டில் கட்டுவதை விட்டுவிட்டு மேல்கையில் சுற்றுவதை வாங்குங்கள். மருத்துவமனையில் 140-க்கு 90 என்பது எல்லை. வீட்டில் நிதானமாகப் பார்க்கும்போது 135-க்கு 85-ஐயே எல்லையாகக் கொள்கிறார்கள். மிக அதிகமாக இருந்தாலொழிய ஒரே ஒரு நாள் அளவை வைத்து யாருக்கும் மாத்திரை தொடங்குவதில்லை, வேறொரு நாளும் பார்ப்போம். ஒரு முறை 150 காட்டியதும் பதறி, மகனுக்குப் போன் போட்டு, மகன் கார் எடுத்துக்கொண்டு சென்னையிலிருந்து வந்த கதையெல்லாம் உண்டு. வந்த மகனுக்கும் வேடிக்கையாகப் பார்த்ததில் மகனுக்குத்தான் அதிகம் இருந்தது.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியபோது எங்களில் பலருக்கு அவநம்பிக்கைதான். வழக்கமான திட்டம், வழக்கமான பதிவேடு என்று நினைத்தோம். வேலையை மாற்றியது மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள். சுய உதவிக் குழுவிலிருந்து வந்த அந்தந்த ஊர்ப் பெண்கள். எந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்வதில்லை, எந்த வீட்டு ஆள் பெங்களூருக்கு வேலைக்குப் போயிருக்கிறான், யார் சாராயத்தை விட்டதாகச் சொல்லிவிட்டு விடாமல் இருக்கிறார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். என் பதிவேட்டில் 'வரவில்லை' என்று இருக்கும் பெயருக்கு நேரே அவர்கள்தான் காரணத்தை எழுதித் தந்தார்கள். காரணங்கள் நான் நினைத்தவையாக இல்லை. அலட்சியம் என்று நான் எண்ணிக்கொண்டிருந்த பல பெயர்களுக்கு உண்மையான காரணம் நேரம். உப்பு வாரப் போகிறவர்கள் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறார்கள். எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வர வேண்டுமென்றால் அன்றைய கூலி போய்விடும். இலவச மாத்திரைக்கு ஒரு நாள் கூலி விலை. திட்டத்துக்கு 2024-இல் ஐ.நா. விருது கிடைத்தபோது எல்லோருக்கும் பெருமைதான். ராத்திரி ஏழு மணிக்கு மேல் பூட்டிய வீடு திறக்கும்வரை திண்ணையில் காத்திருந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போன பெண்களின் பெருமை அது.

நேரம் என்றதும் இன்னொன்று. அட்டையில் 'காலை, சாப்பிட்ட பிறகு' என்று எழுதித் தருவது எங்கள் வழக்கம். உப்பளத்துக்குப் போகும் பெண்கள் வெறும் வயிற்றில் கிளம்பி, வெயில் ஏறியபின் அங்கேயே கஞ்சி குடிக்கிறார்கள். அவர்கள் சாப்பிடும்போது மாத்திரை வீட்டில் இருக்கும். ஒரு தன்னார்வலர் இதைச் சொன்னபோதுதான் மருத்துவரிடம் கேட்டோம். பிரஷருக்குத் தரும் அம்லோடிபின் சாப்பாட்டோடு சம்பந்தமில்லாத மாத்திரை, எந்த நேரத்தில் போட்டாலும் தினமும் அதே நேரம் என்றால் போதும் என்றார். அவர்களுக்கெல்லாம் இரவுக்கு மாற்றினோம். உங்கள் வீட்டில் யாராவது அடிக்கடி மறக்கிறார்கள் என்றால் திட்டுவதற்கு முன் அவர்களுடைய ஒரு நாளைப் பாருங்கள். அந்த நேரத்தில் அவர்கள் எங்கே இருக்கிறார்கள், மாத்திரை எங்கே இருக்கிறது என்று பார்த்து, மருத்துவரிடம் நேரத்தை மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

நின்றுபோகிறவர்களில் அடுத்த கூட்டம் 'நார்மல் ஆகிவிட்டது' என்று நிறுத்துகிறவர்கள். மாத்திரையால் இறங்கியது மாத்திரையை நிறுத்தினால் ஏறும், இதற்கு மேல் இதில் விளக்க ஒன்றுமில்லை. எடை குறைந்து, உப்பும் குடியும் குறைந்து, மருத்துவரே மாத்திரையைக் குறைத்தவர்கள் உண்டு. அது அவர் செய்ய வேண்டியது.

"பிரஷர் மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும்" என்பது அதைவிட ஆழமாக வேரோடியது. கட்டுக்குள் இல்லாத அழுத்தம்தான் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. ஆனால் இந்த நம்பிக்கை சும்மா வரவில்லை. அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும். கால் வீங்கினால் ஊரில் முதலில் சொல்வது கிட்னி என்று. இன்னொரு பிரஷர் மாத்திரையான எனாலாபிரில் சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும். இருமலுக்குத் தனியாக டானிக் வாங்கிக் குடித்துக்கொண்டிருப்பார்கள், யாரும் மாத்திரையோடு அதை முடிச்சுப் போட்டுப் பார்க்கமாட்டார்கள். இரண்டுக்கும் மாற்று மருந்து உண்டு. 'வீங்கினால், இருமினால் நிறுத்தாதீர்கள், வந்து சொல்லுங்கள், மாற்றித் தருவோம்' என்று மாத்திரை தரும் முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிப் பேர் நிற்பதில்லை. குழந்தை பெறும் எண்ணத்தில் இருக்கும் பெண்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எனாலாபிரில் வகை மாத்திரைகள் கர்ப்பத்தில் கூடாது.

அரசு மாத்திரைக்கு வீரியம் கிடையாது என்று தனியார் மருத்துவரிடம் போகிறவர்களும் இருக்கிறார்கள். போகட்டும், அது அவரவர் விருப்பம். ஆனால் சிலர் இரண்டையும் போடுகிறார்கள். ஒரு பெரியம்மா நிற்க முடியாமல் தடுமாறி வந்தார், மேல் அளவு நூறைத் தொடவில்லை. சுருக்குப் பையைக் கொட்டச் சொன்னேன். எங்கள் வெள்ளை அட்டையும், மருந்துக் கடையில் வாங்கிய பளபளப்பான அட்டையும் விழுந்தன. பெயர் வேறு, நிறம் வேறு, கீழே பொடி எழுத்தில் இரண்டிலும் அம்லோடிபின். கடையில் வாங்கும் எந்த மாத்திரையிலும் பெரிய எழுத்தில் இருப்பது வியாபாரப் பெயர். மருந்தின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். அதை வாசிக்கச் சொல்லுங்கள். 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்த பிறகு அரசு மொத்தமாகக் கொள்முதல் செய்து தருவதும் அதே மருந்துதான்.

இப்போது ஒரு விஷயம், எந்த முகாமிலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வலி மாத்திரை. நாள் முழுக்கக் குனிந்து உப்பு வாரும் முதுகும், சுமை தூக்கும் முழங்காலும் வலிக்காமல் இருக்குமா? ராத்திரி ஒரு வலி மாத்திரை, காலையில் ஒன்று. மருந்துக் கடையில் சீட்டு கேட்பதில்லை, சில இடங்களில் பெட்டிக் கடையிலேயே கிடைக்கிறது. டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளைத் தொடர்ந்து போட்டால் உடம்பு உப்பையும் நீரையும் பிடித்துவைக்கும், ரத்த அழுத்தம் ஏறும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் அது கெடுக்கும். சிறுநீரகத்துக்கும் கேடு. ஊரார் 'கிட்னியைக் கெடுக்கும் மாத்திரை' என்று பழி சொல்ல வேண்டியது இதைத்தான், போடுவதோ கேள்வியில்லாமல் இதைத்தான். இரண்டு மாத்திரை கொடுத்தும் 160-க்குக் கீழே இறங்காத ஒருவரிடம் இப்போதெல்லாம் நான் கேட்கும் முதல் கேள்வி, "உடம்பு வலிக்கு என்ன போடுகிறீர்கள்?" நேரடியாக 'வலி மாத்திரை போடுகிறீர்களா' என்று கேட்டால் இல்லை என்பார்கள், அது அவர்கள் கணக்கில் மாத்திரையே இல்லை. மருத்துவரிடம் சொன்னால் பாராசிட்டமால், தைலம், ஒத்தடம் என்று மாற்று சொல்வார். வலி அடியோடு போகாது. ஆனால் அழுத்தம் இறங்கும். மூன்றாவது மாத்திரை எழுத வேண்டியிருந்த சிலருக்கு அது தேவைப்படாமலே போனது.

உப்பைப் பற்றிப் பேசுவது உப்பளத்து ஊரில் தர்மசங்கடம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சமையலறையில் யாரும் கிராமில் அளப்பதில்லை. அதனால் நான் பாக்கெட் கணக்குச் சொல்வேன். வீட்டில் நான்கு பேர் என்றால் மாதத்துக்கு 600 கிராம் போதும். ஒரு கிலோ பாக்கெட் இருபதே நாளில் தீர்ந்தால் தலைக்கு 12 கிராமுக்கு மேல் போகிறது. சோறு வடித்த தண்ணீரில் கொஞ்சம், மீன் கழுவக் கொஞ்சம் என்று கழித்தாலும் அதிகம்தான். இந்தக் கணக்கு மற்ற ஊர்களுக்குச் சரி. எங்கள் ஊரில் பல வீடுகளில் உப்பு விலைக்கு வாங்கும் பொருளே கிடையாது, கல்லுப்பு மூட்டையாக மூலையில் இருக்கும். அதில் அயோடின் சேர்ப்பதும் இல்லை, அது இன்னொரு தொல்லை.

"உப்பைக் குறைத்தால் வெயிலில் மயங்கி விழுந்துவிடுவேன்" என்கிறார்கள் அளத்தில் வேலை செய்கிறவர்கள். இதைக் கேலி செய்து ஒதுக்க முடியாது. அந்தக் கோடை வெயிலில் வியர்த்துக் கொட்டும் உடம்புக்கு, அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குச் சொல்லும் அறிவுரையை அப்படியே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மருத்துவரும் நானும் பேசி ஒரு வழிக்கு வந்தோம். கஞ்சியில் போடும் உப்பில் கை வைக்கவில்லை. தொட்டுக்கொள்ளும் கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் இவற்றைத் தினமும் என்பதிலிருந்து வாரம் ஒரு நாள் என்றாக்கச் சொன்னோம். கஞ்சிக்கு வெங்காயம், பச்சைமிளகாய், வறுத்த மணிலா. தினசரிக் கருவாட்டை நிறுத்துவது கடலோரத்தில் சின்ன விஷயமில்லை. மழைக்காலத்தில் வேறு மீன் இருக்காது. அந்த மாதங்களில் நான் அதிகம் பேசுவதில்லை, கருவாட்டை நன்றாக ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குழம்பு வையுங்கள் என்பதோடு சரி.

இந்துப்பு வாங்கிச் சாப்பிடுகிறேன் என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அதுவும் சோடியம்தான், நிறமும் விலையும்தான் வேறு. 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். பலருக்கு அது நல்லதுதான். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், எனாலாபிரில், டெல்மிசார்டன் என்ற பிரஷர் மாத்திரைகளைப் போடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

நடைப்பயிற்சியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், நான் விடுகிறேன். 2023-இல் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை அமைத்தார்கள். நல்ல திட்டம். உப்புச் சுமக்கும் பெண்ணிடம் அதைச் சொன்னால் சிரிப்பாள்.

ஆண்களை நிலையத்துக்கு வரவழைப்பது இன்னும் எங்களால் முடியாத வேலையாகவே இருக்கிறது. நாற்பது வயது மீனவருக்குப் பிரஷர் இருப்பது, பெரும்பாலும், மனைவியின் சர்க்கரை மாத்திரைக்குத் துணையாக வந்தபோது தெரியும். துணைக்கு வருகிற எல்லா ஆண்களுக்கும் கேட்காமலே கையில் பட்டையைச் சுற்றிவிடுகிறேன். குடி ஒரு காரணம். குடித்த இரவு மாத்திரை போடக் கூடாது என்று நினைத்து நிறுத்துகிறார்கள், பிறகு மறுநாளும். குடியை விடச் சொல்வது நீண்ட வேலை, அது நடக்கும்வரை மாத்திரையாவது நிற்காமல் இருக்கட்டும் என்பது என் கட்சி.

பக்கவாதம் வந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. வாய் கோணினால், ஒரு கை தூக்கியதும் தொப்பென்று விழுந்தால், பேச்சு குழறினால், மணியைப் பார்த்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். அதற்குள் ஸ்கேன் எடுத்து, அடைப்பா ரத்தக் கசிவா என்று பார்க்க வேண்டும். வீட்டில் தண்ணீரோ காபியோ மாத்திரையோ வாயில் கொடுக்காதீர்கள், புரையேறும். எங்கள் பகுதியில் முதலில் எண்ணெய் வைத்தியம், பிறகுதான் ஆஸ்பத்திரி. அந்த முதல் அரை நாளில் போன கை பிறகு திரும்புவது அரிது.

அரசாங்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2023 மே 17, உலக உயர் ரத்த அழுத்த தினத்தன்று, 2025-க்குள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ள 7.5 கோடிப் பேரைச் சிகிச்சைக்குள் கொண்டுவருவதாக மத்திய அரசு இலக்கு வைத்தது. இலக்கு பெரிதுதான். ஆனால் 'சிகிச்சைக்குள்' என்பது என் முதல் பதிவேடு. அதற்கு முன்பே, 2017-இல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியில் எனக்குப் பிடித்தது வேறு. பதிவான நோயாளிகளில் கடைசியாக வந்தபோது எத்தனை பேர் 140-க்கு 90-க்குக் கீழே இருந்தார்கள், எத்தனை பேர் வரவேயில்லை என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணச் சொல்கிறது அது. எல்லா நிலையங்களிலும் இதை எண்ணி, எண்ணியதை எங்களிடமே திருப்பிக் காட்டினால் போதும். முகாம்களைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு அந்த நாட்களில் வராதவர்களின் வீட்டுக்குப் போகலாம்.

வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள்தான் இப்போது பதிவேட்டில் அதிகம் விடுபடுகிறார்கள். கேரளாவுக்கும் பெங்களூருக்கும் கட்டட வேலைக்குப் போனால் பொங்கலுக்குத்தான் திரும்புவார்கள். மாத்திரை ஒரு மாதத்தோடு நின்றுவிடும். போகும் முன்பே வந்து சொன்னால் சேர்த்துத் தர மருத்துவரிடம் கேட்கலாம். தீர்ந்துவிட்டால் காலி மாத்திரைப் பட்டையைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள், மருந்து அட்டையைப் போனில் படம் எடுத்து வீட்டிலுள்ள ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். அம்லோடிபின் நாடு முழுக்கக் கிடைக்கிற மருந்து, போன ஊரின் அரசு ஆஸ்பத்திரியில் அதைக் காட்டிக் கேட்கலாம். அங்கே இருப்பவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதால், வெளியூர் போகிறவர்களின் அட்டையில் மருந்தின் பெயரையும் அளவையும் ஆங்கிலத்திலும் எழுதித் தருகிறேன்.